உப்பில்லாத இரண்டு மாதம்

அப்துல் கஃபாருக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னபோது அவருடைய மனைவி கனீஸ் பாத்திமாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அது பாவம் என்று தெரிந்தும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். முத்தியால்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்து முப்பது வருஷம் நடத்தி, மகன் ஸாகிப் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். கண்ணில் புரை விழுந்து எழுத்தெல்லாம் கலங்கித் தெரிய ஆரம்பித்திருந்தது. ஆபரேஷன் என்றால் பயம். இன்னிக்கு நாளைக்கு என்று ஆறு மாதம் தள்ளினார். ஒருவழியாகச் சம்மதித்து, முன்பரிசோதனைக்கு என்று மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற டாக்டர் சிவசங்கரியிடம் போனபோதுதான் இந்தப் பிரஷர் வெளியே வந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை வரச்சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் மேலே நூற்று ஐம்பத்து நாலு, ஐம்பத்தாறு என்றுதான் நின்றது.

"சர்க்கரை இல்ல பாய். கிட்னி, ஹார்ட் எல்லாம் நல்லா இருக்கு. அதனால ரெண்டு வழி சொல்றேன்" என்றார் டாக்டர். "காலைல ஒரு சின்ன மாத்திரை, இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். என்னக் கேட்டா அதான் நல்லது. இல்ல, மூணு மாசம் உப்பப் பாதியாக் கொறச்சு, தெனமும் நடந்து பாக்கறேன்னா அதயும் பாக்கலாம். ஆனா வீட்ல மெஷின் வாங்கி வெச்சு வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்கணும். நூத்தி அறுபதத் தாண்டிச்சின்னா மூணு மாசம் ஆகட்டும்னு ஒக்காந்திருக்கக் கூடாது. உடனே வந்துடணும்."

அப்துல் கஃபார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "மாத்திரைன்னு ஒண்ணத் தொட்டா அப்புறம் மய்யித்த எடுக்கற வரைக்கும் விடாதுங்களே. எங்கண்ணன் ஒரு மாத்திரைலதான் ஆரம்பிச்சாரு. கடைசில ஒரு டப்பா மாத்திரை. பேரனுங்க அதக் குலுக்கி வெளயாடுவானுங்க."

"அண்ணன் கதை வேற பாய்."

"யோசிச்சு சொல்றேங்க."

அப்போதுதான் கனீஸ் வாயைத் திறந்தாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே அவள் ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

"மாத்திரை வேணாங்க டாக்டரம்மா. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்."

அவர் கலங்கிய கண்ணோடு அவள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு நன்றி. வீட்டுக்கு வரும் வழியில் பூக்காரியிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி ரெண்டு முழம் மல்லி வாங்கி அவள் மடியில் வைத்தார். "நீ இருக்கறப்ப எனக்கு என்னா கொற" என்றார். கனீஸ் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்துல் கஃபாரின் நாக்கைப் பற்றி அந்தத் தெருவுக்கே தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு பறக்கும். ரசமானாலும் சரி, மீன் ஆணமானாலும் சரி, முதல் கவளம் வாயில் வைத்ததும் அவர் புருவம் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள் கனீஸ். சுருங்கினால் சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எத்தனையோ தட்டு பறந்திருக்கிறது. அதில் எதையும் அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, ஒன்றைத் தவிர.

அது முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஸாகிப் வயிற்றில் ஏழு மாதம். பரங்கிப்பேட்டையிலிருந்து அவள் அம்மா வந்திருந்தாள், மகளுக்குப் பிடிக்குமென்று விடிகாலையில் வாங்கிய கொடுவா மீனை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு. "நீ ஒக்காரு, இன்னிக்கு நான் ஆக்கறேன்" என்று அடுப்படிக்குள் போனவள் நாலு மணிநேரம் வெளியே வரவில்லை. மத்தியானம் அவர் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தார். மாமியார் வந்திருப்பது அவருக்குத் தெரியும். யார் ஆக்கியது என்று கேட்கவில்லை. ஒரு வாய் வைத்தார். தட்டு சுவரில் போய் மோதியது.

"உப்பில்லாமத் திங்க நான் என்னா ஆஸ்பத்திரிலயா கெடக்கறேன்?"

அவள் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அவ ஆக்கல மாப்ள. என் கைதான். கை மறந்துபோச்சு, மன்னிச்சுக்கங்க" என்றாள். அவர் கேட்டாரோ கேட்கவில்லையோ, கையைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தரையில் குந்தி உட்கார்ந்து சோற்றையும் மீன் துண்டையும் கையால் வழித்து முந்தானையில் போட்டாள். கனீஸ் குனியப் போனபோது, "நீ குனியாத, வயித்துல பிள்ள" என்றாள். அழவில்லை. முந்தானையை உதறிக் கழுவிப் பிழிந்து, ஈரத்தோடேயே ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஸாகிப் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பினாள். வீட்டுப் படியேறவில்லை. கனீஸ் எத்தனை தடவை கூப்பிட்டும், "எனக்கு உப்பு அளவு மறந்துபோச்சுடி. அங்க வந்தா யாருக்காச்சும் கஷ்டம்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆறு வருஷம் கழித்து மவுத்தானாள். சாகிற வரை வரவில்லை.

அதற்குப் பிறகு கனீஸ் நன்றாகத்தான் குடும்பம் நடத்தினாள். அவர்களைப் போல ஜோடி உண்டா என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உப்புப் போடும்போதெல்லாம் அவள் என்ன நினைத்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

டாக்டர் உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கனீஸ் அடியோடு நிறுத்தினாள்.

முதல் நாள் மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், சோறு. மூன்றிலும் ஒரு கல் உப்பு கிடையாது. தட்டை வைத்துவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முன்னெல்லாம் நின்றுகொண்டிருப்பாள். இப்போது உட்கார்ந்து, கையை மடியில் கோத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

முதல் கவளத்தை வாயில் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தினார். புருவம் சுருங்கியது. கை தட்டின் விளிம்புக்குப் போனது.

"என்னாடி இது?"

"டாக்டர் சொன்னது."

"கொஞ்சங்கூடப் போடாமலா?"

"அப்ப மாத்திரை சாப்பிடறீங்களா? இப்பவே போய் எழுதி வாங்கியாந்துடலாம்."

கை தட்டை விட்டு இறங்கியது. அவர் விழுங்கினார். தொண்டையில் அது இறங்குவதை அவள் பார்த்தாள். அப்புறம் அடுத்த கவளம். முழுத் தட்டையும் சாப்பிட்டு முடிக்க அவருக்கு முக்கால் மணிநேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணிநேரமும் கனீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீட்டிலிருந்த ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டு ஜெயத்திடம் கொடுத்துவிட்டாள். மாடியில் தனிச்சமையல் பண்ணும் மருமகள் இஃப்ஃபத்தைக் கூப்பிட்டு, "மாமா வந்து கேட்டா ஒரு பிஸ்கட் கூடக் குடுக்கக் கூடாது. அவரு உசிரு ஒன் கைல இருக்கு" என்றாள். அந்தப் பெண் பயந்தேபோய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அவர் ஜும்ஆ தொழுதுவிட்டு வருகிற நேரம் பார்த்து, தனக்கென்று வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டை வறுப்பாள் கனீஸ். ஜன்னலை நன்றாகத் திறந்து வைப்பாள். அவர் வந்து உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெறும் கூழாங்கல்லைப் போன்ற உருளைக்கிழங்கைப் பிசைந்து சாப்பிடுவார்.

"ஒனக்கு மட்டும் கருவாடா?"

"எனக்கு என்னா பிரஷரா இருக்கு?"

ஒருநாள் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட் ஒன்று, மூலை கிழிந்து, பாதி காலியாக இருந்தது. கடற்கரைக்கு நடக்கப்போகிறேன் என்று சாயங்காலம் கிளம்புகிற மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஊறுகாயை உறிஞ்சிவிட்டு வந்திருக்கிறார். கனீஸ் சண்டை போடவில்லை. ஸாகிப், இஃப்ஃபத் எல்லோரும் கீழே இருந்த நேரமாகப் பார்த்து, அந்தப் பாக்கெட்டை ஒரு சாசரில் வைத்து அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தா..." என்றான் ஸாகிப், நம்ப முடியாமல்.

அப்துல் கஃபார் தலையைத் தொங்கப்போட்டார். திருட்டு மாங்காய் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தார். கனீஸுக்கு வயிறு நிறைந்தது.

மெஷின் வாங்கியிருந்தார்கள். திங்களும் வியாழனும் காலையில், நாஷ்டாவுக்கு முந்தி, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார். கனீஸ் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்குவாள். பட்டை இறுக ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். திறந்தாலும் அவருக்கு அந்த எண் தெரியாது. புரை அப்படி.

"எவ்ளோ?"

முதல் நாலு வாரம் அவள் உள்ளதைத்தான் சொன்னாள். நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தொன்பது. நூற்று ஐம்பது. ஒரு சின்னப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதியும் வைத்தாள். ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை மெஷின் நூற்று அறுபத்தாறு காட்டியது. ஊறுகாயினாலா, நாள் முழுக்க அவர் வெந்துகொண்டிருந்ததாலா, தெரியவில்லை. டாக்டர் சொன்னது கனீஸுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது. நூற்று அறுபதைத் தாண்டினால் உடனே வர வேண்டும். வந்தால் மாத்திரை. மாத்திரை ஆரம்பித்துவிட்டால் இந்த மனுஷன் அன்றைக்கே, அதான் மாத்திரை போடறேனே, உப்பப் போடு என்பார்.

"எவ்ளோ கனீஸ்?"

"நூத்தி நாப்பத்தாறு."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. புத்தகத்திலும் அதையே எழுதினாள். அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். "பாத்தியா? நான் சொன்னேன்ல. மாத்திரை மாத்திரைன்னு பயமுறுத்துச்சு அந்தம்மா."

அதற்கப்புறம் அது சுலபமாக வந்தது. மெஷின் நூற்று எழுபது என்று காட்டும், அவள் நூற்று நாற்பத்தைந்து என்பாள். காலையில் பின்மண்டை வலிக்கிறது என்று அவர் சொன்னால், "பசியா இருக்கும்" என்பாள்.

இரண்டாவது மாசக் கடைசியில் அவளுடைய தம்பி மகள் தஸ்லீமுக்குப் பரங்கிப்பேட்டையில் நிக்காஹ். கனீஸ் அன்றைக்கு விடிகாலையிலேயே எழுந்து ஒரு டப்பாவில் உப்பில்லாத தயிர்சோறும் அவித்த பீன்ஸும் வைத்து மூடினாள். மண்டபத்தில் ஆண்கள் பக்கம் பெரிய சஹன் தட்டுகளில் பிரியாணி கொட்டி, ஒரு தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்தார்கள். அப்துல் கஃபாரையும் மரியாதையாக அழைத்து நடுவில் உட்காரவைத்தார்கள். நெய்யும் கறியும் மணக்கிறது. அவர் பிஸ்மி சொல்லிக் கையை நீட்டிய அந்த நொடியில், தம்பியை விட்டு அந்த டப்பாவைக் கொடுத்தனுப்பினாள் கனீஸ். தம்பிக்குப் பெரிய குரல்.

"மச்சான், அக்கா இதக் குடுத்துச்சு. நீங்க அதத் தொடக்கூடாதாம். பிரஷராம்ல!"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுடைய சித்தப்பா, பெரியம்மா மகன், அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும். யாரோ சிரித்தார்கள். அவர் சஹனிலிருந்து கையை எடுத்தார். டப்பாவைத் திறந்து, வெளுத்துப்போன அந்தச் சோற்றை, மூன்று பேர் கறியைப் பிய்த்துச் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தின்றார். பெண்கள் பக்கத்துத் திரை இடுக்கு வழியாகக் கனீஸ் அதை முழுக்கப் பார்த்தாள். அம்மாவின் சனங்கள் மத்தியில். அம்மாவின் ஊரில்.

கிளம்பும்போது வேனுக்குப் பக்கத்தில் அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "ஆளுங்க மத்தில என் மானத்த வாங்கிட்டியே" என்றார்.

"ஒங்க ஒடம்புக்காகத்தான்."

இதற்கு மேல் ஒன்று வேண்டுமா என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது இன்னும் வேண்டும் போலத்தான் இருந்தது.

அது வியாழக்கிழமை. பட்டையைச் சுற்றினாள். மெஷின் நூற்று எண்பத்தெட்டு காட்டியது. கீழே நூற்று எட்டு. கனீஸ் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அதே எண்.

"எவ்ளோ?"

"நூத்தி... நாப்பத்தி நாலு."

"அல்ஹம்துலில்லாஹ். அந்த நாத்தச் சோத்தத் தின்னதுக்குப் பலன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். எழுந்தவர் ஒரு நொடி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் டிவி பக்கம் போனார்.

கனீஸ் மெஷினை மூடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜெயம் சுவர் மேலாக எட்டிக் கூப்பிட்டாள். "அக்கா, ஒரு கை பிடிக்க வர்றியா? வேலைக்காரி வரல."

ஜெயத்தின் புருஷன் கிருஷ்ணசாமி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தப் பக்கத்தில் அவரை, சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, பிரஷர் சரியாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தினார். நாலாவது மாசம் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. கனீஸ் போய் அவர் தோளைப் பிடித்துப் புரட்டினாள். ஆறடி ஆள். முதுகில் புண். ஜெயம் துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றி, தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்துக் கஞ்சியை ஊட்டினாள். பாதி உதட்டோரம் வழிந்தது. ஜெயம் அதைக் கையால் வழித்துத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கனீஸ் அந்தக் கையையே பார்த்தாள்.

"பழகிடுச்சா ஜெயம்?"

"எங்கக்கா பழகறது. ஊர் ஊரா சுத்தின மனுஷன். வீட்ல எனக்கு ஒரு லெட்டர் போட்டது கெடையாது. பாரீஸ்ல யாரு கூட இருந்தாருன்னு எனக்குத் தெரியும். நெறய கேக்கணும்னு வெச்சிருந்தேன். இப்ப யாரக் கேக்கறது? நான் என்னா சொன்னாலும் அழுவறாரு. அவ்ளோதான்."

கிருஷ்ணசாமியின் கண்ணிலிருந்து உண்மையிலேயே தண்ணீர் வழிந்தது. கேட்டு அழுகிறாரா, சும்மா வழிகிறதா என்று சொல்ல முடியவில்லை.

கனீஸ் தன் வீட்டுக்கு வந்தாள். இந்த மனுஷன் இன்றைக்கு விழுந்தால்? விழுந்தால் அவரைக் கழுவ வேண்டியவள் அவள்தான். வாயோரத்தில் வழிகிறதை வழிக்கப்போவதும் அவள்தான். அம்மா ஒருநாள் குனிந்தாள், தான் ஆயுசு முழுக்கக் குனிய வேண்டும். அவரிடம் எதையும் கேட்கவும் முடியாது. அதற்குக் கீழே இன்னொரு பயமும் இருந்தது. நாளைக்கு மறுமையில் யார் கொன்றது என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? உப்பு என்று சொல்ல முடியுமா?

டிவியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினே? நியூஸ் பாத்துட்ருக்கேன்ல."

"ஒங்க பிரஷர் நூத்தி நாப்பத்தி நாலு இல்ல. நூத்தி எம்பத்தெட்டு."

அவருக்குப் புரியவில்லை. அவள் மெஷினை எடுத்துவந்து பக்கத்துப் பட்டனை ஒவ்வொரு தடவையாக அமுக்கி, அதில் பதிவாகி இருந்த எண்களைப் பின்னாலிருந்து வாசித்தாள். நூற்று எண்பத்தெட்டு. நூற்று எழுபத்தொன்பது. நூற்று எழுபத்து நாலு. நூற்று எழுபது. வாசிக்க வாசிக்க அவர் முகம் வெளிறியது.

"அப்ப புக்குல எழுதினது?"

"பொய்."

"ஏன்டி?"

கனீஸ் சொன்னாள். கொடுவா மீனிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா அடுப்படி வாசலில் நின்றது, மன்னிச்சுக்கங்க என்று சொன்னது, தரையில் குந்தியது, ஈர முந்தானையோடு பஸ் ஏறியது. நடுவில் அவர் ரெண்டு தடவை வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்ல கனீஸ்" என்றார். "சத்தியமா. ஒங்கம்மா வராததுக்கு முட்டிவலின்னுல்ல சொன்னே நீ?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். அம்மாவின் மானத்துக்காகச் சொன்ன சொல் அது. அந்த நிமிஷத்தில் கனீஸுக்கு வந்த ஆத்திரம் முப்பத்தாறு வருஷத்திலும் வந்ததில்லை. இத்தனை நாள் அவள் எரிந்ததெல்லாம் இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. எறிந்தவருக்கு அது ஒரு மத்தியானம், கையைக் கழுவினதோடு முடிந்துபோனது. ரெண்டு மாசமாக உப்பில்லாமல் தின்றாரே, அதுகூட எதற்கென்று தெரியாமல்தான் தின்றிருக்கிறார். அப்படியென்றால் அது எந்தக் கணக்கில் சேரும்?

"ஞாபகம் இல்லன்னா இப்ப வெச்சுக்கங்க" என்றாள். "எங்கம்மா அன்னிக்குப் பசியோட போனா. நாலு மணிநேரம் நின்னு ஆக்கினவ. ஒங்க எச்சிச் சோத்த முந்தானைல அள்ளிட்டுப் போனா. மவுத்தாகற வரைக்கும் என் வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கல. இத தெனமும் நெனைங்க. நெனச்சுக்கிட்டே சாப்பிடுங்க."

அவர் மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

"நீ என்னக் கொல்லப் பாத்தியா?"

கனீஸ் யோசித்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது.

"தெரியலங்க" என்றாள். "எந்திரிங்க, டாக்டர் கிட்ட போலாம்."

டாக்டர் சிவசங்கரி ரெண்டு கையிலும் பார்த்தார். படுக்கவைத்துப் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். அப்புறம் அந்தச் சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். "வீட்ல எல்லாம் நூத்தி நாப்பத்தஞ்சுன்னு இருக்கு. இங்க எம்பது தாண்டுது. எப்படிம்மா?"

கனீஸ் வாயெடுப்பதற்குள் அப்துல் கஃபார் முந்திக்கொண்டார். "நான்தாங்க தப்பாப் பாத்துட்டேன். கண்ணு சரியில்ல. நான் சொன்னத அவ எழுதினா."

அது கனீஸுக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆள் தனக்கு ஒரு நல்லது செய்துவிட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு நெருஞ்சிமுள் குத்தின மாதிரி இருந்தது. ஆனாலும் மறுத்துச் சொல்லவில்லை.

"இனிமே யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாய். ரெண்டு மாத்திரை. இன்னிக்கே."

"எழுதுங்க" என்றார் அவர். அண்ணன் கதை எதுவும் வரவில்லை. "டாக்டரம்மா, உப்பு?"

"பாதி போட்டுக்கலாம்னு தானே நான் அப்பவே சொன்னேன்?"

அவர் மெல்லத் திரும்பிக் கனீஸைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

டாக்டர் பட்டையைக் கழற்றும்போது, "நீங்க எப்பம்மா பாத்தீங்க கடைசியா?" என்று கேட்டார். கனீஸ் பார்த்ததே இல்லை. உட்காரச் சொன்னார். நூற்று அறுபத்தெட்டு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தார். நூற்று அறுபத்தைந்து. "ரெண்டு மூணு நாள் வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம். ஒங்களுக்கும் மாத்திரை தேவைப்படும்போலத்தான் இருக்கு. யோசிச்சுக்கங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்ல. வேணும்னா எழுதிக் குடுத்துடுங்க, போட்டுக்கறேன்" என்றாள் கனீஸ்.

"பயம் இல்லயாம்மா ஒங்களுக்கு?"

"இவருக்கு முந்தி நான் போக மாட்டேன் டாக்டரம்மா."

டாக்டர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அப்துல் கஃபார் சிரிக்கவில்லை.

மாத்திரை பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்தில் அவருக்கு நூற்று முப்பத்தெட்டுக்கு இறங்கியது. கனீஸுக்கும் ஆரம்பித்தார்கள். அவள் அவருக்குப் பாதி உப்புப் போட்டாள், அதே பாதி உப்பைத் தானும் சாப்பிட்டாள். அவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். சாப்பிடும்போது சில சமயம் கை நடுவில் நின்றுவிடும். நினைத்துக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அப்போதெல்லாம் அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நல்லது என்றுதான் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பரங்கிப்பேட்டை போறேன். ஒங்கம்மாவ அடக்கின எடத்துல ஜியாரத் பண்ணிட்டு வர்றேன். நீயும் வர்றியா?"

"வரல. நீங்க போங்க."

"ஸாகிப்ப கார் எடுக்கச் சொல்லட்டா?"

"எங்கம்மா பஸ்ஸுலதான் போனா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட்டார். கடலூரில் பஸ் மாற வேண்டும். கண் தெரியாத மனுஷன் எப்படி மாறினாரோ. ஜும்ஆவை அங்கேயே தொழுதுவிட்டு, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்பி வந்தார். செருப்பெல்லாம் செம்மண். சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. கனீஸ் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கல்லு கில்லு எதும் இல்ல கனீஸ். ஒருத்தருக்கும் சரியாத் தெரியல. ஒரு பெரியவரு கைகாட்டினாரு. கெணத்துக்குப் பக்கத்துல, புங்கமரத்தடில. ரொம்ப நேரம் ஒக்காந்து யாஸீன் ஓதினேன். மன்னிச்சுக்கங்க மாமின்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன்." குரல் உடைந்தது. "அதானே எடம்?"

அது இல்லை. அம்மாவின் கபர் கிழக்குச் சுவர் ஓரம், கிணற்றிலிருந்து ரொம்ப தூரம். யாரோ ஒரு முகம் தெரியாதவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். கிழவர் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார். கனீஸ் அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அது இல்லங்க. கெழக்குச் செவரு ஓரம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் இன்னும் காயவில்லை.

"அப்ப மறுபடி போவணுமா?"

"போவணும்."

"வர்ற வெள்ளிக்கிழமை?"

"மொதல்ல கண்ணு ஆபரேஷன முடிங்க" என்றாள் கனீஸ். "நல்லாத் தெரியற கண்ணோட போய் ஒக்காருங்க."